8,750 ரூபாய் செலவழித்த பிறகு பிடிபட்ட ப்ளூ ஸ்கிரீன்

2024 மே மாதம், அக்னி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம்தான் ப்ளூ ஸ்கிரீன், அதாவது விண்டோஸ் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுபோகும்போது காட்டும் நீலத்திரை, முதல் தடவை வந்தது. ஓர் இரும்புக்கடையின் பர்ச்சேஸ் பில்களை டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரை சட்டென்று நீலமானது. ஓர் அழுமூஞ்சி பொம்மை, அதற்குக் கீழே நான்கு வரி ஆங்கிலம், மூலையில் ஒரு க்யூஆர் கோட். படித்து முடிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. இந்த வெயிலுக்கு மனிதர்களே சுருண்டு விழுகிறார்கள், மெஷின் விழாதா என்று நினைத்துக்கொண்டேன். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். அந்த ஃபேன் ஆகஸ்ட் வரை அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஒன்பது சின்னக் கடைகளுக்குக் கணக்கெழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். என் பிழைப்பு முழுக்க இந்த ஒரு சிஸ்டத்தில்தான். 2020 லாக்டவுன் சமயத்தில் அசெம்பிள் செய்து வாங்கியது. அப்போது 8 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் தற்காலிகமாக உட்காரும் மெமரி). வேலை கூடியதும் 2022-இல் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டுக்கொண்டேன். விண்டோஸ் 10. மற்றபடி கேம் ஆடுகிற சிஸ்டம் இல்லை, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. டேலி, எக்ஸெல், குரோமில் ஜிஎஸ்டி தளமும் பத்திருபது டேப்களும். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை நான்கு நாள் கழித்து. மூன்றாவது அதற்கு மறுநாள். ஜூன் முதல் வாரத்தில் ஒரே நாளில் இரண்டு. ஒன்பதாவது படிக்கும் என் மகள் அடுத்த அறையிலிருந்து "அம்மா, மறுபடி நீலமாயிருச்சு" என்று கத்தும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். பில் எண், தொகை, வரி என்று நாற்பது என்ட்ரி போட்டிருப்பேன், பாதி போயிருக்கும். கோபத்தில் ஒருநாள் கீபோர்டைத் தட்டியதில் என்டர் கீ கழன்று வந்துவிட்டது. அதை இந்தச் செலவுக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூகுளில் தேடினேன். அதுவே ஒரு தனிக்கதை. பத்தில் ஆறு பக்கங்கள் டிரைவர்களை (பிரிண்டர், வைஃபை போன்றவற்றை விண்டோஸோடு இணைக்கும் சின்ன சாஃப்ட்வேர்கள்) சரிசெய்கிறேன் என்று ஏதாவது ஒரு சாஃப்ட்வேரை இறக்கச் சொல்கின்றன. ஒன்றை இறக்கினேன். என் சிஸ்டத்தில் இருபத்தேழு கோளாறுகள் என்று சிவப்பில் காட்டிவிட்டு, சரிசெய்ய 1,999 ரூபாய் கேட்டது. நல்லவேளை, கார்டை எடுக்க எழுந்துபோன இடத்தில் பால்காரர் வந்து மனம் மாறியது. தயவுசெய்து இந்த வகை எதையும் போடாதீர்கள். அதேபோல், குரோமுக்குள்ளேயே திரை நிறைய ஒரு நீலப் பக்கம் வந்து "இந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்கள்" என்று போன் நம்பர் காட்டினால் அது திருட்டு. உண்மையான ப்ளூ ஸ்கிரீனில் போன் நம்பர் இருக்காது. அந்த க்யூஆர் கோடும் மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். நம் சிஸ்டத்துக்கு என்ன ஆயிற்று என்று அதில் இருக்காது.

சரி, தெரிந்தவர்களிடம் கொடுப்போம் என்று எங்கள் தெருமுனைக் கடைக்குச் சொன்னேன். தம்பி ஒருவர் வந்தார், நல்ல பையன். கேபினெட்டைத் திறந்து இரண்டு ரேமையும் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் மஞ்சள் பற்களைத் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினார். "தூசிதான்கா, இனி வராது." விசிட்டுக்கு 300. ஆறு நாள் வரவில்லை, ஏழாம் நாள் வந்தது. மறுபடி வந்தார், இன்னொரு 300. இந்தத் தடவை "விண்டோஸ் கரப்ட்டுக்கா, ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டுரலாம்" என்றார். கடைக்கு எடுத்துப்போய் ஒருநாள் வைத்திருந்து 600 வாங்கினார். வந்த பிறகு டேலி, பிரிண்டர், டிஜிட்டல் சிக்னேச்சர் என்று எல்லாவற்றையும் மறுபடி போட எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ஒன்பது நாள் அமைதி. பத்தாம் நாள் இரவு நீலம்.

அந்த ஒன்பது நாள்தான் என்னை ஏமாற்றியது. கோளாறு தினமும் வருவதாக இருந்தால், எதைச் சரிசெய்தோம், போயிற்றா இல்லையா என்று மறுநாளே தெரிந்துவிடும். நான்கு நாளைக்கு ஒரு தடவை, வாரத்துக்கு ஒரு தடவை வருகிற கோளாறுக்கு ஒரு வாரம் சும்மா இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மாதத்தின் முதல் பத்து நாளில் எனக்கு வேலை குறைவு, குரோமில் டேப்கள் குறைவு, அதனால் க்ராஷும் குறைவு. இது பின்னாடி புரிந்தது. இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: இரண்டு க்ராஷுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை நாள் இடைவெளி விட்டதோ, அதைப்போல மூன்று மடங்கு நாள், அதுவும் முழு வேலைப்பளுவோடு ஓடினால்தான் சரியாகிவிட்டது என்று நம்ப வேண்டும்.

ஃபார்மட்டினால் நடந்த இன்னொரு அநியாயம் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு ப்ளூ ஸ்கிரீன் வரும்போதும் விண்டோஸ் ஒரு சின்ன ஃபைலை எழுதி வைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எந்த நேரத்தில், என்ன பெயரில், எந்த ஃபைல் ஓடும்போது விழுந்தது என்று அதில் இருக்கும். ஃபார்மட் அடித்தால் அது அத்தனையும் போச்சு. திருட்டு நடந்த வீட்டில் போலீஸ் வருவதற்கு முன்னால் தரையைக் கழுவி விட்ட மாதிரி. குப்பைகளைத் துடைக்கும் க்ளீனர் சாஃப்ட்வேர்களும் இதையே செய்கின்றன. ஆகவே யாரிடம் கொடுத்தாலும், முதலில் அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு அப்புறம் கொடுங்கள்.

அடுத்தது வேறொரு பெரிய கடை. அங்கிருந்தவர் உட்கார்ந்ததும், சிஸ்டத்தில் நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிவு செய்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். ரப்பர் எடுக்கவில்லை, பரவாயில்லை, விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். அதில் வரிசையாகச் சிவப்பில் கெர்னல் பவர் 41, கெர்னல் பவர் 41 என்று இருந்தது. "பாருங்க மேடம், பவர்னு அதுவே சொல்லுது. எஸ்எம்பிஎஸ் வீக்." எங்கள் பகுதியில் கரண்ட் போய்ப் போய் வரும், ஆகவே எனக்கும் அது சரியாகவே பட்டது. எஸ்எம்பிஎஸ் என்பது சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. புதுசு 2,900. கூடவே யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றிவிடலாம் என்றார், 950. பேட்டரி எப்படியும் செத்துப்போய்தான் இருந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த 41-க்கு அர்த்தம் என்ன தெரியுமா? "போன தடவை ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனது" என்பது மட்டும்தான். ப்ளூ ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆனாலும் அதே 41 பதிவாகும். பெயரில் பவர் இருப்பதால் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று ஆகாது. நீலத்திரையே வராமல் விளக்கணைத்த மாதிரி பட்டென்று அணைந்து போனால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் நீலம் வந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டிய வரி வேறு: அதே ஈவென்ட் வியூவரில் பக்செக் என்ற பெயரில் 1001 என்ற எண்ணோடு இருக்கும், அதில்தான் உண்மையான ஸ்டாப் கோட், அதாவது எந்த வகைக் கோளாறால் விழுந்தது என்று சொல்லும் குறியீடு, இருக்கும்.

புது எஸ்எம்பிஎஸ் போட்ட நான்காம் நாள் ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்தத் தேதியை மறக்கவே முடியாது. மறுநாள் 20, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஒன்பது கடைகளில் ஆறு முடித்திருந்தேன், மூன்று பாக்கி. காலையிலிருந்து மதியத்துக்குள் நான்கு தடவை நீலமாகிவிட்டது. அழுகையே வந்துவிட்டது. அப்போது டிவியைப் போட்டால், உலகம் முழுக்க ஏர்போர்ட்டுகளில் அதே நீலத்திரை! விமானங்கள் நிற்கின்றன, நம் நாட்டில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கிறார்கள். கடைக்குப் போன் போட்டேன். "உலகம் பூராவும் அப்படித்தான் மேடம் இருக்கு, மைக்ரோசாஃப்ட் சரிபண்ணிருவாங்க, வெயிட் பண்ணுங்க" என்றார். எனக்கு என்ன ஒரு நிம்மதி! ஊரோடு ஒத்த கஷ்டம் என்றால் கஷ்டமே பாதியாகிவிடுகிறது இல்லையா. வெயிட் பண்ணினேன்.

அது வேறு விஷயம் என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம், கம்பெனிகள் வாங்கிப் பயன்படுத்தும் தன் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்குத் தவறான ஓர் அப்டேட்டை அனுப்பியதால் வந்தது அது. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். அந்த சாஃப்ட்வேர் இல்லாத சிஸ்டத்துக்கும் அன்றைய கூத்துக்கும் சம்பந்தமே இல்லை. என் வீட்டு சிஸ்டத்தில் எப்படி இருக்கும்? ஆனால் அன்று அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கடைசியில் டேலி டேட்டாவை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு தோழி வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து அந்த மூன்றையும் 22-ஆம் தேதி போட்டேன். இரண்டு நாள் தாமதம், நாளுக்கு 50 ரூபாய், ஆளுக்கு 100, மொத்தம் 300. சில்லறை வட்டியைச் சேர்க்கவில்லை. கடைக்காரர்களிடம் கேட்க மனமில்லாமல் நானே கட்டினேன். தொகை பெரிதில்லை. ஆனால் பதினொரு வருடத்தில் முதல் தடவையாக லேட் ஃபீ வாங்கியது என் கையால். அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "பேசாம ஒரு லேப்டாப் வாங்கிருங்க அத்தை" என்றான். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அவர்களுக்கென்ன.

ஜூலை கடைசியில் மறுபடியும் பழைய தம்பி. "ஹார்ட் டிஸ்க் பழசுக்கா, எஸ்எஸ்டி மாத்திரலாம்." எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்கின் வேலையையே வேகமாகச் செய்யும் சிப் வகை டிஸ்க். என்னிடம் ஏற்கெனவே ஒரு எஸ்எஸ்டி இருந்தது, அதைத்தான் பழசு என்கிறார். புதுசு 500 ஜிபி, 3,400. இந்தத் தடவை நானும் கடையில் கூடவே உட்கார்ந்திருந்தேன். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றும்போது அறுபது சதவீதத்தில் நின்று, ஃபைல் கெட்டிருக்கிறது, படிக்க முடியவில்லை என்று வந்தது. தம்பி பென் டிரைவைக் குறைசொல்லி வேறொன்றைச் செருகினார். அதிலும் வந்தது. மூன்றாவது தடவை ஏறிவிட்டது, "பாத்தீங்களா" என்றார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எஸ்எஸ்டி புதுசு, பென் டிரைவ்கள் இரண்டு வேறு வேறு, அப்படியும் ஃபைல் கெட்டுப்போகிறது என்றால் நடுவில் அதைக் கையில் வாங்கிக் கொடுக்கிறவன் யார்? ரேம்தானே. விண்டோஸ் ஏற்றும்போதே இப்படி வந்தாலும், ஜிப் ஃபைல்கள் பிரிக்கும்போது அடிக்கடி பிழை காட்டினாலும் ரேமைச் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கழற்றிய பழைய எஸ்எஸ்டியைப் பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பார்த்தேன், ஆயுள் 91 சதவீதம் பாக்கி இருந்தது. இந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. 3,400 ரூபாய்க்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது.

புது எஸ்எஸ்டியிலும் மூன்றாம் நாள் நீலம் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏனோ, வெட்கம்தான் வந்தது. என்னிடம் வரும் கடைக்காரரின் டிரயல் பேலன்ஸில் பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? எல்லா வவுச்சரையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவேனா? வித்தியாசம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு என்ட்ரியை மட்டும் மாற்றி, பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போவேன். என் சிஸ்டத்துக்கு மட்டும் மூன்று மாதமாக நான் ஊராரை விட்டு வவுச்சரைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பழைய லெட்ஜர் நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, மணி, என்னென்ன திறந்திருந்தது, ஸ்டாப் கோட், அன்று என்ன மாற்றினேன். ஸ்டாப் கோட் என்பது அந்த நீலத்திரையின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க விடாமல் ரீஸ்டார்ட் ஆகிறதே என்பவர்களுக்கு: சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு டேபுக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி செட்டிங்ஸில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் நீங்களே பவர் பட்டனை அழுத்தும்வரை அந்தத் திரை அப்படியே நிற்கும், போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் ஸ்மால் மெமரி டம்ப் என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டால் மினிடம்ப் ஃபைல்கள் ஒழுங்காகச் சேரும். அவற்றைப் படிக்க ப்ளூஸ்கிரீன்வியூ என்று நிர்சாஃப்ட்டின் இலவச சாஃப்ட்வேர் ஒன்று போதும்.

ஃபார்மட்டுக்குத் தப்பியவையும் போனில் தற்செயலாக எடுத்திருந்த போட்டோக்களுமாகப் பதினான்கு க்ராஷ் தேறியது. பதினான்குக்கு ஆறு வெவ்வேறு பெயர்கள். மெமரி மேனேஜ்மென்ட் என்று நான்கு. ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன் போன்றவை மீதி. குற்றவாளி ஃபைல் என்று ஒருநாள் குரோம், ஒருநாள் ஆன்டிவைரஸ், ஒருநாள் விண்டோஸின் மூல ஃபைலான என்டிஓஎஸ்கேஆர்என்எல். இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். எந்த க்ராஷாக இருந்தாலும் பெரும்பாலும் அது பட்டியலில் இருக்கும், அது விண்டோஸேதான்.

ஆறு வெவ்வேறு பெயர் என்பதைப் பார்த்து முதலில் மலைத்துப் போனேன், ஆறு வியாதியா என்று. ஆனால் விடையே அதுதான். கல்யாண மண்டபத்தில் ஒரு நாற்காலிக்குக் கால் ஒடிந்திருக்கிறது என்று வையுங்கள். அதில் மாமா உட்கார்ந்தாலும் விழுவார், சம்பந்தி உட்கார்ந்தாலும் விழுவார். ஒவ்வொருவராகக் கூட்டிப்போய் முட்டியில் எக்ஸ்ரே எடுத்தால் என்ன கிடைக்கும்? ரேமில் ஓர் இடம் பழுதாக இருந்தால் அந்த இடத்தில் அந்த நேரத்தில் எந்த புரோகிராம் வந்து உட்கார்கிறதோ அது விழும், அதன் பெயர் திரையில் வரும். அதனால்தான் டேப் நிறைய திறந்து ரேம் நிரம்புகிற நாட்களில் அதிகமாக விழுந்தது.

இதற்கு மாறாக, ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர், அதுவும் ஒரே டிரைவர் ஃபைல் என்றால் ரேமை விட்டுவிட்டு அந்த டிரைவரைப் பாருங்கள். கிராஃபிக்ஸ், வைஃபை, ஆன்டிவைரஸ் இவைதான் வழக்கமான ஆட்கள். வீடியோ டிடிஆர் என்று வந்தால் கிராஃபிக்ஸ் பக்கம். கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர் என்றால் டிஸ்க்கோ அதன் கேபிளோ. வியா அன்கரெக்டபிள் என்று வந்தால் ஹார்டுவேர்தான், ப்ராசஸர் சூடு, எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு என்று பார்க்க வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்து ரேமை வேகமாக ஓட்டுகிறவர்கள் முதல் வேலையாக அதை ஆஃப் செய்துவிட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை. வெரிஃபையர் என்று விண்டோஸிலேயே ஒரு டிரைவர் சோதனை இருக்கிறது, பல இடங்களில் அதைப் போடச் சொல்வார்கள். அது வேண்டுமென்றே க்ராஷ் செய்ய வைக்கிற சோதனை. சேஃப் மோடுக்குப் போகத் தெரியாதவர்கள் தொட வேண்டாம்.

ரேம் என்று முடிவுசெய்ததும் விண்டோஸிலேயே இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினேன். அரை மணி நேரம் ஓடிவிட்டு, எந்தப் பிழையும் இல்லை என்றது. அதை நம்பி இன்னும் பத்து நாளை வீணாக்கினேன். ஆன்டிவைரஸை மாற்றினேன், பிரிண்டர் டிரைவரைக் கழற்றினேன். இந்தப் பத்து நாள் யாரும் ஏமாற்றியதில்லை, என் அவசரம்தான். அந்தச் சோதனை பிழை காட்டினால் நம்பலாம். காட்டவில்லை என்றால் அதை வைத்து ரேம் நல்லது என்று சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

பிறகு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை சாஃப்ட்வேர். இலவசப் பதிப்பே போதும். பழைய பென் டிரைவ் ஒன்றில் அதை எழுத வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். சிஸ்டத்தை ஆன் செய்யும்போது பூட் மெனு கீயை அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸுக்குப் போகாமல் நேராகச் சோதனை தொடங்கிவிடும். கீ எது என்பது போர்டுக்குப் போர்டு மாறும், எனக்கு எஃப்12. நான்கு பாஸ், அதாவது நான்கு சுற்று, முழுக்க ஓட வேண்டும், 16 ஜிபிக்கு ஒரு ராத்திரியே ஆகும். ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை இரவு பத்தரைக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இரண்டே முக்காலுக்கு எழுந்து வந்து பார்த்தால், இருட்டு அறையில் திரையின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு வரிகள். எரர் என்ற இடத்தில் 37. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 38 ஆனது. ஒரே ஒரு பிழை வந்தால்கூட அந்த ரேம் தேறாது என்கிறார்கள், எனக்கு 38. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஃபெயில் மார்க்கையும் பார்த்ததில்லை. வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். "நல்லது, தூங்கு" என்றார்.

எந்த ரேம் என்று கண்டுபிடிக்க இன்னும் மூன்று இரவுகள். 2022-இல் வாங்கிப் போட்ட புதுசுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை, பின்னால் வந்த மருமகள் மேல்தானே பழி விழும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச கரண்டையும் போக்கி, கேபினெட்டின் வெறும் தகட்டை ஒருதரம் தொட்டுவிட்டு, பழையதைக் கழற்றினேன். ஓரத்துக் கொக்கியை விலக்கினால் தானாக மேலே எழும்பும். மாட்டும்போது நடுவில் உள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்த வேண்டும். டக் என்று கொக்கி விழுகிற சத்தம் கேட்க வேண்டும். நான் பயந்த அளவுக்கு அது பெரிய வேலையே இல்லை, கிரைண்டர் கல்லைத் தூக்கி மாட்டுவது இதைவிடக் கஷ்டம். புது ரேம் தனியாக நான்கு பாஸ் ஓடியது, பிழை பூஜ்யம். மறுநாள் பழைய ரேமைத் தனியாகப் போட்டேன். இருபது நிமிடத்துக்குள் சிவப்பு. அப்படியும் ஸ்லாட் கெட்டிருக்கலாம் அல்லவா? பழையதை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினேன், அங்கேயும் சிவப்பு. அது இருந்த ஸ்லாட்டில் புதுசைப் போட்டேன், சுத்தம். ஸ்லாட் மேல் தப்பில்லை. நான்கு வருடமாகக் கூட இருந்த பழைய ரேம்தான்.

அதை மட்டும் எடுத்துவிட்டு 8 ஜிபியோடு ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் ஒரு நீலம் இல்லை. நோட்டில் நாற்பது நாள் வெறும் கோடாகப் போய்க்கொண்டிருந்தது.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால், இல்லை. க்ராஷ் ஆவதைவிட மோசமான ஒன்றை அந்த ரேம் சத்தமில்லாமல் செய்திருந்தது. ஒரு மளிகைக் கடையின் டேலி டேட்டா திறக்கவில்லை. பழுதான ரேம் வழியாகத்தானே எல்லா ஃபைலும் எஸ்எஸ்டிக்குப் போயிருக்கிறது, நான் எடுத்த பேக்கப்பும் அதன் வழியாகத்தானே? புதிய பேக்கப்பும் திறக்கவில்லை, அதற்கு முந்தையதும் இல்லை. தோழி வீட்டுக்குக் கொண்டுபோன அந்த ஜூலை 22 பென் டிரைவை அழிக்காமல் மேசை டிராயரில் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தேன். அதற்கப்புறமான என்ட்ரிகளை பில்லைப் பார்த்து மறுபடி போட ஐந்து இரவுகள். மகளின் பழைய போட்டோக்களில் சில, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் திறக்கின்றன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு ப்ளூ ஸ்கிரீன் வர ஆரம்பித்திருந்தால், புது பேக்கப்பைப் பழைய பேக்கப்பின் மேலேயே எழுதாதீர்கள். பழையதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வேறு பென் டிரைவில் எடுங்கள். ரேமைச் சோதிக்கும்வரை டிஸ்க்கைச் சீராக்குகிறேன், ஃபார்மட் அடிக்கிறேன் என்று எதையும் எழுத வைக்காதீர்கள்.

இனி செலவுக் கணக்கு. இரண்டு விசிட் 600, ஃபார்மட் 600, எஸ்எம்பிஎஸ் 2,900, பேட்டரி 950, எஸ்எஸ்டி 3,400, லேட் ஃபீ 300. ஆக 8,750. உண்மையில் தேவைப்பட்டது 140 ரூபாய், சென்னைக்கு கூரியர் சார்ஜ். ஏனென்றால் அந்த ரேமுக்குப் பத்து வருட வாரண்டி இருந்தது! பில்லைக் காணோம், ஆனாலும் ரேமின் மேலிருந்த ஸ்டிக்கரின் சீரியல் நம்பரைப் பார்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்த ஸ்டிக்கரைப் பிய்த்துவிடாதீர்கள், சிவப்பு வரிகளோடு இருந்த திரையின் போட்டோவையும் கூட வைத்து அனுப்புங்கள். இருபத்து மூன்று நாளில் வேறு ரேம் வந்தது. வந்ததையும் ஓர் இரவு மெம்டெஸ்ட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன்.

நவம்பரில் தெருமுனைக் கடைத் தம்பி போன் செய்தார். "அக்கா, ஒரு கஸ்டமர் சிஸ்டம் மாத்தி மாத்தி ப்ளூ ஸ்கிரீன் அடிக்குது, ரப்பர் போட்டும் கேக்கல. உங்ககிட்ட அந்தச் சிவப்பு கோடு காட்டுற பென் டிரைவ் இருக்கா?" கொடுத்து அனுப்பினேன். இன்னும் திருப்பித் தரவில்லை.